எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம்



ஆண்டாண்டு காலம் விறகடுப்பை ஊதியூதி நமக்குச் சோறாக்கிப் போட்ட உம்மா, இன்று நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கி நிற்கிறார். பீடிப் புகையால் நுரையீரல் கெட்ட வாப்பாவின் நிலையும் இதுவே. இத்தகையோருக்கு இரத்தத்தில் பிராணவாயு குறைவதும், அவர்கள் தடுமாறி விழுவதும் வெவ்வேறு ஆபத்துகள் என்று எண்ணிவிடாதீர்கள். எழுந்து நடக்கையில் உடல் கூடுதலாகப் பிராணவாயுவைக் கேட்கிறது; பழுதுற்ற நுரையீரலால் கொடுக்க இயலவில்லை. தலை சுற்றுகிறது, கால் தளர்கிறது, விழுகிறார்.

இவ்வாபத்து மிகுந்த வேளை எது? சிறுநீர் கழிக்கவோ, ஸுபுஹுக்கு ஒளுச் செய்யவோ, பிறரை எழுப்பத் தயங்கி, இருட்டில் தனியே எழும் வேளையே!

எனவே, எழுமுன் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் அமரச் செய்யுங்கள். மூக்கால் மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து மெல்ல ஊதி வெளிவிடட்டும். நடக்கும்போதும் ஆக்சிஜன் வேண்டுமென மருத்துவர் கூறியிருந்தால், கழிப்பறைக்குச் செல்கையில் குழாயைக் கழற்றலாகாது. அது காலில் சிக்காதவாறு ஒருவர் பிடித்துக்கொண்டு உடன் செல்லட்டும். இரவு விளக்கு எரியட்டும்; குளியலறைத் தரை உலர்ந்திருக்கட்டும்; சுவரில் கைப்பிடி இருக்கட்டும்.

1970களில் ஜப்பானியப் பொறியாளர் டாக்குவோ அவோயாகி கண்டறிந்த தத்துவத்தில் இயங்கும் ஆக்சிமீட்டர், 2020 பெருந்தொற்றுக்குப் பின் பல இல்லங்களில் உள்ளது. நலமுள்ளோருக்கு அது பொதுவாக 95 முதல் 100 வரை காட்டும். நாட்பட்ட நுரையீரல் நோயாளர் பலருக்கோ, 88 முதல் 92 வரை போதுமென மருத்துவர் வரையறுப்பதுண்டு. எண் குறைவாயிருக்கிறதே என்று ஆக்சிஜனை நாமாகக் கூட்டினால், கரியமிலவாயு தேங்கி நோயாளி மயக்கத்தில் ஆழக்கூடும். விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் பிழைபடும் என்பதையும் அறிக.

ஆக்சிஜன் உள்ள அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. நெருப்பு நொடியில் பரவும். மின்சாரத்தில் இயங்கும் கருவியாயின், மின்தடைக்கென நிரப்பிய சிலிண்டர் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

உதடு நீலம் பாய்தல், பேச்சுக் குழறல், ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாத மூச்சுத்திணறல், புதிதாகத் தோன்றும் குழப்பம் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். விழுந்தவரை உடனே இழுத்துத் தூக்காதீர்கள். வலி எங்கே என்று முதலில் கேளுங்கள். தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவராயின், காயம் தெரியாவிடினும் மருத்துவமனை செல்வது அவசியம்.

“நின்று தொழுதால்தான் மனம் நிறைகிறது” என்பார் முதியவர். மூலநோயுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை எடுத்துரையுங்கள். நாற்காலியில் அமர்ந்தே ஒளுச் செய்யட்டும். மார்க்கம் தந்த சலுகை குறைபாடன்று. அது அல்லாஹ்வின் அருட்கொடை.

இறுதியாக ஒன்று. கட்டிலருகே ஒரு மணியை வைப்பது எளிது. அது ஒலிக்கும்போது நம் முகம் சுளியாதிருப்பதே அரிது. பிள்ளைகள் சலித்துக்கொள்வார்களோ என்ற அச்சமே அவர்களைத் தனியே எழவைக்கிறது. பெற்றோரிடம் ‘சீ’ என்னும் சொல்லையும் தடுத்த மார்க்கத்தைச் சார்ந்த நாம், நள்ளிரவிலும் இன்முகத்துடன் கைகொடுப்போமாக!