பிடியும் விடுதலையும்

காக்கும் யந்திரங்கள் – 9

நீராவிக் கொதிகலத்தின் காப்பு வால்வுக்கு வேலை ஒன்றே என்பதையும், அழுத்தம் குறித்த எல்லையைத் தாண்டியதும் திறந்துவிடுவதற்கு மேல் அது எதையும் நிதானிக்க வேண்டியதில்லை என்பதையும் சென்ற வாரம் பார்த்தோம். இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் சாதனமோ, ஒருவனை விடாமல் பற்றிக்கொள்ளும் கடமையையும், சமயம் வந்தால் கண்ணிமைப் பொழுதில் விட்டுவிடும் கடமையையும் ஒரே சுருள்வில்லைக் கொண்டு நிறைவேற்றியாக வேண்டிய விசித்திரமான நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டது. மலைச் சரிவுகளில் பனிச்சறுக்கு ஆடுவோரின் காலணியைச் சறுக்குப் பலகையோடு இணைக்கின்ற பிணைப்பே அது.

மனிதனுடைய கணைக்கால் எலும்பு, மேலிருந்து கீழாக வரும் பாரத்தைச் சுமப்பதில் எவ்வளவு வல்லமை படைத்ததோ அவ்வளவு வல்லமை முறுக்குக்கு எதிராக அதற்கு இல்லை. ஈரத் துணியைப் பிழிவது போல் அதைத் திருகினால், திருகின வாக்கிலேயே அது முறிந்துபோகும். ஏறக்குறைய ஆள் உயரமுள்ள பலகை ஒன்றைப் பாதத்தில் கட்டிக்கொண்டு ஒருவன் வேகமாக இறங்கும்போது, பலகையின் முனை பனியில் சிக்கி நின்று, உடல் மட்டும் தன் வேகத்தில் சுழலுமானால், அந்த நீளம் முழுவதும் நெம்புகோலாக மாறி எலும்பின் மீது வேலை செய்யும். விழுவதனால் கால் முறிவதில்லை, விழும்போது பலகை காலை விடாததனாலேயே முறிகிறது என்ற எளிய உண்மை யந்திர வடிவம் பெறுவதற்கு ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

அதற்கு முன்னிருந்த நிலைமையைச் சிறிது சொல்ல வேண்டும். 1929-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த கீடோ ரோய்ஜ் என்பவர், எஃகுக் கம்பிவடம் ஒன்று குதிகாலைச் சுற்றி வந்து காலணியை முன்னோக்கி இழுத்து நுனி இரும்புக்குள் இறுக்கும் பிணைப்பை அமைத்து, அக்காலத்தில் பிரசித்தி பெற்றிருந்த காந்தஹார் பந்தயங்களின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஆப்கானிஸ்தானத்து நகரம் ஒன்றின் பெயர் ஆல்ப்ஸ் மலைக்கு எப்படி வந்தது என்றால், அப்பந்தயங்களுக்கு மூலமான கோப்பையை வழங்கியவர் காந்தஹார் யுத்தத்தில் புகழ் பெற்ற ராபர்ட்ஸ் பிரபு. அவரே பின்னர் சில வருஷங்கள் நமது சென்னை ராணுவத்தின் பிரதம தளபதியாகவும் இருந்தவர். அது நிற்க, குதிகால் பலகையோடு அழுந்திக் கிடந்ததனால் செங்குத்தான சரிவுகளிலும் பலகையைத் தம் இஷ்டப்படி திருப்புவது ஆட்டக்காரர்களுக்குச் சாத்தியமாயிற்று. ஆனால் அதே இறுக்கம், விழுகிறவனை விட மறுத்தது. பிடியில் அடைந்த அபிவிருத்தி முழுவதும் முறிவுகளாகத் திரும்பி வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

நார்வேயின் கோங்ஸ்பெர்க் ஊரில் 1902-இல் பிறந்து, அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்துப் போர்ட்லண்டில் குடியேறிய யால்மர் வாம், பந்தயங்களில் பல வெற்றிகளைக் கண்ட வீரர். 1937-இல் ஹூட் மலையில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றபோது, ஈதர் மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது காகிதமும் பென்சிலும் என்று சொல்வார்கள். அவர் வரைந்த கருவி 1939-இல் காப்புரிமை பெற்று 'ஸேஃப்-ஸ்கீ' என்ற பெயரால் விற்பனைக்கு வந்தது. காலணியின் நுனியைப் பற்றும் சிறு உலோகக் கவ்வி ஒன்று, சாதாரண நிலையில் அசையாமல் நேராக நிற்கும். நுனியிலிருந்து மேல்நோக்கி வரும் அழுத்தமே அதை நிறுத்தி வைப்பது. முன்புறமாகக் கவிழும்போது அந்த அழுத்தம் நீங்கிவிடுமாதலால், கவ்வி பக்கவாட்டில் சுழன்று காலணியை விட்டுவிடும். விசையின் அளவைக் காட்டிலும் உடலின் நிலையைக் கொண்டு அபாயத்தை அனுமானிக்கும் யுக்தி இது. முதல் முயற்சி என்ற முறையில் இதன் சாதுரியத்தை வியக்கலாம். ஆனால் கவிழாமலே முறுக்கிக்கொள்ளும் காலுக்கு இதனால் பயன் சொற்பமே.

மகாயுத்தத்துக்குப் பின் இந்தத் துறையில் யோசனைகள் பல திசைகளில் கிளைத்தன. கலிபோர்னியாவில் மிச் கப்பர்லி, நனைந்தால் ஊதிப்போகும் காலணியின் தோல் அடியை நம்ப மனமின்றி, அதன்மேல் உலோகத் தகடுகளைத் திருகிவிட்டு, அத்தகடுகளையே தம் 'கப்கோ' பிணைப்பு பற்றும்படி செய்தார். யூட்டா மாகாணத்து ஏர்ல் மில்லர், தம் கருவியின் பெருமையை நிரூபிக்க வேண்டுமென்றே குப்புற விழுந்து காட்டுவாராம். விளம்பரத்தில் இவ்வளவு நேர்மையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஜெர்மனியில் ஹன்னஸ் மார்க்கர் 1952-இல் 'டூப்ளெக்ஸ்', அடுத்த ஆண்டு 'சிம்ப்ளெக்ஸ்' என்ற நுனிப்பிடிகளை வெளியிட்டார். ஆயினும் இன்றைய பிணைப்புக்கு வழிகாட்டியாக நான் கருதுவது, பிரான்ஸில் லுவார் நதிக்கரை நகரமான நெவேரில் வளர்ந்த 'லுக்' நிறுவனத்தின் ஜான் பெய்ல் 1950-இல் அமைத்த 'நெவாடா' நுனிப்பிடியைத்தான்.

அதன் சூட்சுமத்தைச் சற்று விஸ்தாரமாகவே பார்ப்போம். காலணியின் நுனியை இருபுறமும் தழுவி நிற்கும் பிடி, தன் அச்சில் பக்கவாட்டில் திரும்பக்கூடியது. அது திரும்பினால் உள்ளேயிருக்கும் ஒரு நீண்ட சுருள்வில் பிஸ்டனால் அழுத்தப்பட்டு, பிடியை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர முயலும். குறிப்பிட்ட தூரம் வரையில் சென்ற பிடி திரும்பி வந்துவிடும்; அதற்கு அப்பால் சென்றால் காலணி கழன்றுவிடும். மேலோட்டமாகப் பார்க்கிறவன் இதில் முக்கியமானது வில்லின் பலம் என்று எண்ணுவான். உண்மையில் உயிர்நாடியாக இருப்பது, விடுவதற்கு முன் அது இடங்கொடுக்கும் அந்தச் சில மில்லிமீட்டர் தூரமே.

காரணம் இது. கட்டியாக உறைந்த பனியின் மேல் வேகமாகச் செல்லும்போது பலகைக்கு ஓயாமல் அடிகள் விழுந்துகொண்டிருக்கும். அவற்றில் சில, எலும்பை முறிக்கும் விசையைவிடவும் பெரியவை. ஆனால் ஒவ்வோர் அடியும் ஒரு கணத்தில் தோன்றி மறைவது. எலும்பும் ஓரளவு வளைந்து கொடுக்கும் பொருளாதலால், அத்தனை குறுகிய காலத்தில் முறியுமளவு அது திருகப்படுவதில்லை. அதற்கு மாறாக, சிக்கிக்கொண்ட பலகையின் முறுக்கு விசை அளவில் சிறியதானாலும் விடாப்பிடியாக நீடித்து, எலும்பை அதன் எல்லை வரையில் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே விசையின் உச்சத்தை மட்டும் பார்க்கும் பிணைப்பு, தேவையில்லாத அடிக்குக் கழன்று, வேகத்தில் செல்லும் ஆட்டக்காரனைத் திடீரென்று ஒற்றைப் பலகையில் விட்டுவிடும். அதற்குப் பயந்து அவன் வில்லை இறுக்குவானாகில் மெதுவான, உண்மையிலேயே ஆபத்தான வீழ்ச்சியில் அது விடாது. பிடி நகர்ந்து திரும்ப இடமிருந்தால், கணநேர அடி பாதித் தூரத்திலேயே தன் சக்தியை இழந்துவிட, வில் காலணியை நடுவுக்கு மீட்டுவிடுகிறது. நீடித்த முறுக்கோ முழுத் தூரத்தையும் கடந்து விடுதலை பெறுகிறது. விசையோடு தூரத்தையும் சேர்த்து எடைபோடுவதால், தனக்கென்று மூளை ஒன்றுமில்லாத இந்தச் சுருள்வில் இரண்டுக்குமுள்ள பேதத்தை அறிந்துகொள்கிறது.

இவ்வளவு நுட்பத்தையும் உராய்வு ஒன்றே பாழாக்கிவிடக்கூடும். முறுக்கிக்கொண்டே முன்னால் சாய்ந்து விழுகிறவனுடைய பாதத்தின் முன்பகுதி பலகையின்மேல் பலமாக அழுந்துகிறது. அப்போது காலணி பக்கவாட்டில் நழுவுவதற்கு நுனிப்பிடியின் வில்லை வென்றால் மட்டும் போதாது, அடியின் உராய்வையும் சேர்த்து வெல்ல வேண்டும். இந்தக் கூடுதல் விசை எந்த அளவுகோலிலும் குறிக்கப்படாமல் எலும்பின் கணக்கில் போய்ச் சேருகிறது. இதற்குப் பரிகாரமாகவே பாதத்தின் முன்பகுதிக்கு நேர்கீழே டெஃப்லான் பட்டையோ, பக்கவாட்டில் நகரும் சிறு தகடோ பதிக்கப்பட்டது. தோல் காலணிகள் ஒழிந்து, அடிப்பாகத்தின் உருவமும் அளவும் நிர்ணயிக்கப்பட்ட பிளாஸ்டிக் காலணிகள் பரவிய பின்புதான் இப்பரிகாரம் பூரணப் பலன் தந்தது. ஓடும் பலகை வளையும்போது நுனிக்கும் குதிகாலுக்கும் இடையே தூரம் மாறுமாதலால், குதிகால் பிடி ஒரு தடத்தில் முன்னும் பின்னும் நகர்ந்து காலணியைச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கும்படியும் செய்தார்கள்.

எவ்வளவு விசையில் விடுவது? ஜெர்மானியத் தர நிர்ணய நிறுவனத்தின் பெயரால் 'டின்' எண் என்று ஆட்டக்காரர்கள் வழங்கும் அளவு, இன்று சர்வதேசப் பிரமாணமாக இருக்கிறது. எடையையும் உயரத்தையும், வயதையும், காலணி அடியின் நீளத்தையும், ஆடும் விதத்தையும் பட்டியலில் ஒத்துப் பார்த்து இதைக் கண்டறிவார்கள். நிதானமாக ஆடும், 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முறுக்கின் எல்லை சுமார் 50 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு. முன்னால் கவிழும் திசையில் குதிகால் பிடி ஏறக்குறைய இதைப்போல் நான்கு மடங்கு தாங்கிய பிறகே திறக்கும். எலும்பு வளைவைத் தாங்குமளவு முறுக்கைத் தாங்குவதில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி. அடி நீளமான காலணிக்கு எண்ணைக் குறைத்தே வைக்க வேண்டும். நீளம் கூடியதால் நெம்புதல் எளிதாகிவிட, நுனியில் சிறு விசையே அதே முறுக்கை உண்டாக்குகிறது. ஐம்பது வயதை எட்டியவருக்கு எண் ஒரு படி இறங்கும். மூர்க்கமாக ஆடுகிறவருக்கு ஏறும். தம்மை எந்த ரகத்தில் சேர்ப்பது என்பதை ஆட்டக்காரரே சொல்ல வேண்டியிருப்பதால், இந்த விஞ்ஞானபூர்வமான பட்டியலுக்குள் மனித கர்வம் நுழைய ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது.

கழன்ற பலகை சரிவில் தனியே ஓடிப் பிறரைத் தாக்காமலிருக்க முன்பு தோல்வாரினால் காலோடு கட்டி வைத்தார்கள். அது விழுந்தவனையே அடித்தது. காலணி நீங்கியதும் இரண்டு கம்பிக் கால்கள் கீழே இறங்கிப் பனியில் ஊன்றும் தடை அந்த வாருக்கு முடிவு கட்டியது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில் எலும்பு வைத்தியர் ராபர்ட் ஜான்சனும், எஞ்சினியர் கார்ல் எட்லிங்கரும், ஜாஸ்பர் ஷீலியும் 1972 முதல் ஒரே மலைத்தலத்தில் காயங்களைக் கணக்கெடுத்து வந்தார்கள். கணைக்கால் முறிவுகள் வருஷத்துக்கு வருஷம் அருகிவந்ததை அவர்கள் கண்டது பிணைப்பை அமைத்தவர்களுக்குப் பெரும் வெற்றியே. ஆனால் அதே கணக்கு, முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார் அறுந்துபோகும் காயம் பெருகியதையும் காட்டியது. பின்னால் சாய்ந்து விழுகிறவனுடைய பலகையின் வால்பகுதி, குதிகாலுக்குப் பின்னே நீண்டுகிடக்கும் நெம்புகோலாகி, மடங்கிய முழங்காலைத் திருகுகிறது. முறுக்கின் விசை அப்போது குதிகால் பக்கமிருந்து வருவதால், நுனியிலிருக்கும் பிடிக்கு அது சரியாக எட்டுவதில்லை. எட்டினாலும், எலும்பு முறியும் அளவை அடைவதற்கு வெகு முன்பே தசைநார் அறுந்துவிடுகிறது. குதிகாலும் பக்கவாட்டில் கழலும்படியான பிணைப்புகளைச் சிலர் அமைத்திருக்கிறார்கள். சரிவில் விளிம்பைப் பனியில் ஊன்றித் திரும்பும்போது ஆட்டக்காரனே தன் இஷ்டத்தின் பேரில் செலுத்தும் பக்கவிசையும் குதிகாலின் வழியாகவே செல்லுகிறபடியால், எதைப் பிடித்து எதை விடுவது என்ற பழைய விவகாரம் அங்கே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமாகிறது.

(தொடரும்)