ஐபி வருது, அதுக்கு மேல போகல

ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. இரண்டாம் ஷிஃப்ட் தொடங்க இன்னும் பத்து நிமிடம். அசெம்ப்ளி லைனில் நான்கு கணினிகளும் கறுப்புத் திரையோடு நின்றன. திரையில் 'பிஎக்ஸ்இ-இ53' என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி.

"சார், ஐபி வருது, அதுக்கு மேல போகல" என்றார் அங்கிருந்த இளைஞர். நோயை அவரே சொல்லிவிட்டார். அது பழுது பார்க்கப் போன எங்களுக்குப் புரியத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

அவை ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினிகள். தூசியும் அதிர்வும் உள்ள இடத்தில் அதுதான் வசதி. மென்பொருள் முழுவதும் சர்வரில் இருக்கும்; பிஎக்ஸ்இ முறையில் அதை நெட்வொர்க் வழியே இறக்கித்தான் கணினி தொடங்கும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் அந்தக் கணினிக்குத் தன் முகவரிகூடத் தெரியாது. "யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட்வொர்க்கில் கூவும். பதில் சொல்லும் டிஹெச்சிபி சர்வர் ஐபி முகவரியைக் கொடுத்தால் மட்டும் போதாது. எந்த சர்வரிடம் போய் எந்தக் கோப்பை வாங்குவது என்பதையும் சொல்ல வேண்டும். 1985-ல் பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும் வகுத்த பூட்பி நெறிமுறை பிறந்ததே இப்படிப்பட்ட டிஸ்க் இல்லாத கணினிகளுக்காகத்தான். 1993-ல் வந்த டிஹெச்சிபி அதன் வாரிசு. முகவரி கொடுப்பது மட்டுமே அதன் வேலை என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அலுவலகத்துக்கு ஒன்று, லைனுக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று என்று தொழிற்சாலைகளில் நெட்வொர்க்கை வீலான்களாகப் பிரிப்பார்கள். ஒரே நெட்வொர்க் ஸ்விட்சுக்குள் எழுப்பிய சுவர் மாதிரி. கணினியின் கூவல் அதைத் தாண்டாது. அதனால் ஃபயர்வாலில் ஒவ்வொரு வீலானுக்கும் தனி டிஹெச்சிபி அமைப்பு உண்டு. பெட்டி ஒன்றுதான், பதில் சொல்பவர்கள் பலர். அன்று காலைதான் லைனைத் தனி வீலானாகப் பிரித்திருந்தார்கள். பூட் சர்வரின் முகவரி, கோப்பின் பெயர் என்ற இரண்டு கட்டங்களும் அலுவலக வீலானில் நிரம்பியிருந்தன. லைனுக்கான பக்கத்தில் காலி. கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்பதுதான் இ53.

நிரப்பினோம். இ53 போய் இ32 வந்தது! கோப்பைக் கேட்டும் பதில் வரவில்லை என்று பொருள். இது வேறு கதை. கோப்பை இறக்கும் டிஎஃப்டிபி, கேட்கும்போது 69-ஆம் போர்ட்டைத் தட்டும். சர்வரோ புதிதாக வேறொரு போர்ட்டிலிருந்து பதில் அனுப்பும். முன் கவுண்டரில் சீட்டுக் கொடுத்தவருக்குப் பின்வாசல் வழியே பொருள் வருகிறது. வாட்ச்மேன் சும்மா விடுவாரா? ஃபயர்வாலும் தடுத்துவிட்டது. டிஎஃப்டிபிக்கென்று அதில் இருக்கும் உதவி வசதியை இயக்கிய பிறகே லைன் ஓடியது.

இ51 என்று வந்தால் முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் கேபிளையும் வீலானையும் பாருங்கள். பழைய பயாஸ் கணினிக்கும் புதிய யூஇஎஃப்ஐ கணினிக்கும் பூட் கோப்பு வேறு வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

இணைய மென்பொருள் அமைப்பான ஐஎஸ்சி தன் பழைய டிஹெச்சிபி மென்பொருளின் பராமரிப்பை 2022-ல் நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்த ஃபயர்வால்கள் அதே அமைப்பின் புதிய மென்பொருளான 'கீயா'வுக்கு மாறிவருகின்றன. அப்படி உங்கள் ஃபயர்வாலை மாற்றும் நாளில் ஒவ்வொரு வீலானிலும் ஒரு கணினியையாவது அணைத்துப் போட்டுப் பாருங்கள், ஷிஃப்ட் தொடங்கும் முன்பே.