ஜடை பின்ன முடியாத விரல்கள்!

எனக்கு வயது 37. பத்தாவது வரை படித்தவள். கணவர் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறார். ஒரே மகள், எட்டாவது படிக்கிறாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். நான் பட்ட பாட்டை மற்ற சகோதரிகள் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2022 அக்டோபரில் ஒருநாள் காலை. மகளுக்கு ஜடை பின்ன உட்கார்ந்தால், விரல்கள் மடங்கவே இல்லை. ரிப்பனை முடிச்சுப் போட முடியலை. "சீக்கிரம்மா, பஸ் வந்துடும்"னு அவள் அழ, எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஈரத்தில் நின்று துணி துவைத்ததால்தான் என்று நினைத்தேன். ஆனால் தினமும் இதே கதை. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் கை என் வசத்துக்கு வரும். இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன.

மாமியாருக்குப் பல வருஷமாக முழங்கால் வலி. "அறுபத்தெட்டு வயசுல எனக்கே காலையில நாலு எட்டு நடந்தா சரியாப்போகுது. இந்த வயசுல உனக்கென்ன?" என்பார். சோம்பேறி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். முடக்கத்தான் தோசை வார்த்துக் கொடுத்ததும் அவர்தான், குறை சொல்லக்கூடாது.

மருந்துக்கடையில் வலியைச் சொல்லி, கவரில் போட்டுத் தந்த மாத்திரைகளை விழுங்கினேன். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது! நாலு மாதம் வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். முகம் உப்பிப்போனது. ஒருநாள் விட்டாலும் வலி இரட்டிப்பானது.

பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி! ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்து, இது முடக்குவாதம் என்றார். மாமியாருக்கு இருப்பது தேய்மானம். காலை விறைப்பு அரை மணிக்குள் போய்விடும், நடக்க நடக்க வலி கூடும். எனக்கோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறதாம். நாள் கடத்தினால் விரல்கள் கோணிப்போகுமாம். கடை மாத்திரையில் இருந்தது ஸ்டீராய்டு. அதையும் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதித் தந்தார். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். ஞாயிறு என்று முடிவு செய்தோம். மறுநாளே மாமியார், "மருந்தை மறந்துட்டியே" என்று பாசமாக அதையே எடுத்து நீட்டினார். சீட்டைப் படித்த மகள்தான், "பாட்டி, வாரம் ஒரு தடவைன்னு போட்டிருக்கு" என்று தடுத்தாள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அடுத்த முறை டாக்டரம்மா சொன்னபோது குலை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து காலண்டரில் ஞாயிறுக்கெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார் என் கணவர்.

இந்த மாத்திரை உடனே கேட்காது. எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கூடவே ஃபோலிக் ஆசிட் உண்டு. கல்லீரலும் ரத்த அணுக்களும் நன்றாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டுவோர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சகோதரிகளே! கை முட்டிகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், வேலை அசதி என்று விட்டுவிடாதீர்கள். கவர் மாத்திரையும் வேண்டாம். மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள்.

இன்றும் மழை நாளில் விரல் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அன்று மாமியாரே வெந்நீர் வைத்துத் தருகிறார். மகளுக்கு ரெட்டை ஜடை நான்தான் பின்னுகிறேன்.

— ஒரு வாசகி, நாமக்கல்.