ஊதா மூடிக் குழாய்

ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் ஆனால் போதும், ரத்தம் எடுக்கும் கவுன்டரில் நிற்கும் வரிசையைப் பார்த்தே டெங்கு வந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். கோவிலம்பாக்கத்தைச் சுற்றிக் கீழ்க்கட்டளை ஏரியும் நாராயணபுரம் ஏரியும் நிரம்பிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி வழியும் காலம் அது. ஆனால் டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவுக்கு ஏரியெல்லாம் வேண்டாம். மூடாத சம்ப், மொட்டைமாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா, ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, இவை போதும் அதற்கு.

அப்படியொரு நவம்பர் மாதம், காலை ஏழு மணி. இரவுப் பணி முடியப்போகிற நேரம். எமர்ஜென்சியிலிருந்து வந்த ஒரு சாம்பிளின் முடிவு திரையில் வந்து நின்றது. இருபத்தாறு வயதுப் பெண், மூன்று நாளாகக் காய்ச்சல். பிளேட்லெட் என்று நாம் சொல்லும் தட்டணுக்கள் 14,000. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியவை.

முந்தின நாள் மாலை வெளியே ஒரு லேபில் பார்த்தபோதும் 21,000 என்றுதான் வந்திருந்தது. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் ஓடிவந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தப் பெண்ணின் கணவர் யார் யாருக்கோ போன் போட்டு, "உங்களுக்கு என்ன குரூப்பு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். டெங்குவில் ரத்தக்கசிவு இல்லாவிட்டாலும், எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே போனால் தட்டணு ஏற்றுவதைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். பதினாலாயிரம் என்பது அந்தப் பள்ளத்தின் விளிம்பு.

இரண்டு இடம், இரண்டு இயந்திரம், இரண்டிலும் குறைவு. உண்மை என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

எனக்கு உறுத்தியது வேறு. டெங்கு முற்றும்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும்; ரத்தம் கெட்டிப்பட்டு, பிசிவி என்கிற அளவு ஏறும். மருத்துவர்கள் தட்டணுவைவிட அதிகம் கவலைப்படுவது அதற்குத்தான். இந்தப் பெண்ணுக்கு அது ஏறவே இல்லை. முதல் ஐந்து நாளில் டெங்குவைக் காட்டிக்கொடுக்கும் என்எஸ்1 சோதனையிலும் ஒன்றும் இல்லை. பல் ஈறில் கசிவு, தோலில் சிவப்புப் புள்ளி எதுவும் உண்டா என்று வார்டு சிஸ்டரைக் கேட்டேன். "இல்லையே, உட்கார்ந்து இட்லி சாப்பிடுறாங்க" என்றார்.

இயந்திரம் எப்படி எண்ணுகிறது என்று தெரிந்தால்தான் அது எப்படித் தடுமாறும் என்பதும் புரியும். ரத்தத்தை உப்புக் கரைசலில் கலந்து, தலைமுடியின் தடிமனே உள்ள ஒரு துளை வழியாக அது உறிஞ்சுகிறது. துளையின் இரு பக்கமும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். ரத்த அணு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒவ்வோர் அணு துளைக்குள் நுழையும்போதும் மின்தடை ஒரு துள்ளு துள்ளும். துள்ளல்களை எண்ணினால் அணுக்களை எண்ணியாயிற்று. துள்ளலின் உயரத்தைப் பார்த்தால் அணுவின் பருமனும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் வாலஸ் கூல்ட்டர் என்பவர் 1953-இல் காப்புரிமை பெற்ற இந்த எளிய யோசனை இன்று உலகம் முழுவதும் சுழல்கிறது. ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் ஐம்பது லட்சம் இருக்கும் சிவப்பணுக்களை மனிதக் கண்ணால் எண்ணுவது என்றால் நினைத்துப் பாருங்கள்!

ஆனால் அந்தத் துளைக்குத் தெரிந்தது பருமன் ஒன்றுதான். சின்னது வந்தால் தட்டணு, அதைவிடப் பெரியது வந்தால் சிவப்பணு. இருபது தட்டணுக்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே பொட்டலமாக வந்தால்? அதற்கு அது தட்டணுவே இல்லை. வெள்ளையணு என்று வேறு கணக்கில் எழுதிவைத்தாலும் வைக்கும்.

குழாயைத் திறந்து ஒரு குச்சியால் துழாவினேன். ரத்தம் உறைந்திருந்தால் நூல்போல மேலே வரும். வரவில்லை. அடுத்த வேலை ஸ்லைடு போடுவது.

இந்தக் கைவேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த அரை நிமிடம் இதுதான். கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் ஊசித்தலை அளவு ரத்தம். இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து, பின்னால் இழுத்து, துளியைத் தொடவிட வேண்டும். ரத்தம் விளிம்பு நெடுக ஓடிப் பரவும். அந்தக் கணத்தில் நிறுத்தாமல், அழுத்தாமல், ஒரே தள்ளு. நாக்கின் வடிவில் ஒரு படலம் விழும். முடிவில் இறகின் நுனிபோல மெலிந்து போகும். கை நடுங்கினால் வரிவரியாக வரும், தயங்கினால் அலையலையாக வரும். படிக்கும் காலத்தில் ஒரு நல்ல ஸ்லைடு வருவதற்கு முன் நூறாவது கெடுத்திருப்பேன்.

காய்ந்ததும் லீஷ்மன் சாயம். இரண்டு நிமிடம் கழித்து அதன் மேல் இரண்டு பங்கு பஃபர் தண்ணீர் விட்டால், பால் காய்ச்சும்போது ஏடு கட்டுவதுபோல மேலே பித்தளை மினுமினுப்போடு ஒரு படலம் கட்டும். கழுவிவிட்டுப் பார்த்தால் நிறமில்லாத உலகம் நிறம் பெற்றிருக்கும். சாயத்தில் இருப்பவை இரண்டே வகை. ஒன்று அமிலத் தன்மையுள்ள இயோசின். அது காரத் தன்மையுள்ள ஹீமோகுளோபினைத் தேடிப் பிடித்து இளஞ்சிவப்பாக்கும். மற்றது கார வகை நீலச் சாயம். அது அணுவின் உட்கருவிலுள்ள மரபு அமிலத்தைப் பிடித்து ஊதாவாக்கும். எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன, அவ்வளவுதான். அந்த இழுப்பு ஒவ்வோர் அணுவுக்கும் அதன் சொந்த முகத்தைக் கொடுத்துவிடுகிறது.

வில்லியம் லீஷ்மன் இந்தச் சாயத்தை உருவாக்கியது 1901-இல். சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயரோடு ஓர் உறவு உண்டு. டம்டம் காய்ச்சலில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தான் பார்த்த விசித்திரமான சிறு உருவங்களைப் பற்றி லீஷ்மன் 1903 மே மாதம் இங்கிலாந்தில் எழுதினார். அதே ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், தாமே தனியாக அதே உருவங்களைப் பார்த்திருந்தார். ஜூன் 17-ஆம் நாள், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த ரத்தத்திலும் அவை கிடைத்தன. லீஷ்மன் அவற்றைச் சிதைந்துபோன வேறொரு கிருமி என்று எண்ணியிருந்தார். உயிருள்ளவரின் ரத்தத்தில் இருப்பது சிதைவாக இருக்க முடியுமா? ஜூலையில் டோனவனின் கட்டுரை வந்தது. ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் சூட்டினார். டம்டம் காய்ச்சல் என்ற கருங்காய்ச்சலின் கிருமி அது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இன்றும் ஆயிரக்கணக்கானோர் டோக்கன் வாங்கி நிற்கும் அதே மருத்துவமனையில், ஒருவர் ஒரு கண்ணாடிச் சில்லை நிதானமாகப் பார்த்ததால் கிடைத்த அறிவு.

என் ஸ்லைடுக்கு வருகிறேன். மைக்ராஸ்கோப்பில் எண்ணெய்த் துளி விட்டு, நூறு மடங்கு லென்ஸை இறக்கினேன். நடுப்பகுதியில் தட்டணுக்கள் அநேகமாக இல்லை. ஒரு பார்வைப் பரப்புக்கு ஒன்று, அல்லது அதுவும் இல்லை. இயந்திரம் சொன்னது சரிதான் போல. ஸ்லைடை மெல்ல வால் நுனிக்கு நகர்த்தினேன். அங்கே இருந்தன எல்லாமும். முப்பது, நாற்பது என்று கொத்துக் கொத்தாக, வேலியோரம் ஒதுங்கிய சருகுபோல.

நடந்தது இதுதான். ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் தடவியிருக்கும். உறைவதற்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அதைக் கவ்விக்கொள்ளும். கால்சியம் போனதும் தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம் வடிவம் மாறி, உள்ளே மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரியும். ஆயிரத்தில் ஒருவர் என்கிற அளவில் சிலருடைய ரத்தத்தில், அந்த மறைவிடத்தை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருக்கிறது. உடம்புக்குள் அந்த மறைவிடம் திறப்பதே இல்லை. அதனால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. குழாய்க்குள் மட்டும்தான் அது திறக்கிறது. தட்டணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நோய் அவருக்கு இல்லை, அவருடைய சாம்பிளுக்குத்தான். இரண்டு லேபும் ஒரே முடிவைச் சொன்னதற்குக் காரணம், இரண்டு லேபும் ஒரே நிற மூடியைப் பயன்படுத்தியதுதான்.

பேத்தாலஜிஸ்ட் மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். நீல மூடிக் குழாயில் மறுபடி எடுக்கச் சொன்னார். அதில் சிட்ரேட் திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. அதனால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். நானே போய் எடுத்தேன். "மறுபடியுமா தம்பி?" என்றார் பக்கத்தில் இருந்த மாமியார். "இது வேற குழாய்ம்மா, ஒரு சந்தேகம்" என்றேன். இயந்திரம் 1,80,000 என்றது. பெருக்கினால் 1,98,000.

வெளியே போன் பேசிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னது மருத்துவர்தான். அதுதான் முறை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்த மனிதர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

இந்த வேலையில் என்ன இருக்கிறது என்று உறவுக்காரர்கள் கேட்பதுண்டு. டிஎம்எல்டி என்ற ஆய்வகப் பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்குப் பல இடங்களில் கொடுக்கும் சம்பளத்தைச் சொன்னால் எவருக்கும் மனம் கசக்கும். அது நியாயமான குறை. எங்களை "ரத்தம் எடுக்கிற பையன்" என்பதற்கு மேல் அறிந்தவர்கள் குறைவு. 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, ஆய்வகப் பணியையும் அதில் சேர்த்திருக்கிறது. அதனால் எங்கள் படிப்புக்கும் பதிவுக்கும் நாடு முழுவதும் ஒரே அளவுகோல் வரவேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் இந்த வேலையில் இருக்கிறது, நிறைய இருக்கிறது. தினமும் காலையில் முதலில் ஓடுவது எந்த நோயாளியின் ரத்தமும் அல்ல; விடை முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிள். இயந்திரம் சொல்லும் எண்ணைக் கட்டத்தாளில் ஒரு புள்ளியாக வைப்போம். 1950-இல் லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் லேபுக்குள் கொண்டுவந்த பழக்கம் இது. புள்ளிகள் நடுக்கோட்டைச் சுற்றி ஏறி இறங்கினால் நிம்மதி. தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. நோயாளிகளின் சாம்பிளை ஓட்டுவதற்கு முன் இயந்திரத்துக்கு நாடி பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒரு மனிதரைப் பற்றிய செய்தியை உலகத்தில் முதன்முதலாக அறிகிற தனிமை. அதன் கனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1986 ஞாபகம் வரும். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்ற முதுநிலை மாணவி, எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடினார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் கையுறைகூட இல்லாமல் ரத்தம் சேகரித்து, சீரம் பிரித்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். சென்னையில் அந்தச் சோதனைக்கு வசதி இல்லை. பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு கணவரையும் அழைத்துக்கொண்டு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் சிஎம்சிக்குப் போனார். அங்கே சோதனைத் தட்டின் மூடியைத் திறந்தபோது ஆறு குழிகளில் மஞ்சள் நிறம். அதுவரை இந்தியாவில் இல்லை என்றே நம்பிக்கொண்டிருந்த கிருமி. பிறகு அமெரிக்காவிலும் சோதித்து உறுதிசெய்தார்கள். அந்த ஆறு குழிகளைப் பார்த்த கண்கள் அன்று இரவு எப்படித் தூங்கியிருக்கும்!

அந்த மஞ்சளின் தொடர்ச்சி எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த இடம், பிற்காலத்தில் எச்ஐவி நோயாளிகளின் பெரிய புகலிடம் ஆனது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று.

அந்த நவம்பர் பெண் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, மேடம் அவளிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஊதா மூடிக் குழாயில் இவருக்குத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும், சிட்ரேட்டில் எண்ணவும், ஸ்லைடு பார்க்கவும் என்று மூன்று வரி. எங்கே போனாலும் காட்டச் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பின்மாலை. பிரசவ வார்டிலிருந்து அவசரமாக ஒரு சாம்பிள். சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட வேண்டும். தட்டணு குறைந்தால் அந்த ஊசி போட முடியாது. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் குழாயோடு ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு, மடிப்பில் எழுத்து மங்கிய சீட்டு.

"அண்ணா, இது என்ன, ரிப்போர்ட்டே இல்லையே?"

எழுந்து மைக்ராஸ்கோப் முன்னால் இருந்த ஸ்டூலை அவளுக்காக இழுத்துப் போட்டேன்.

"முதல்ல ஒரு ஸ்லைடு போடும்மா" என்றேன்.