மலைச்சரிவில் மாட்டுப் பட்டி

ஈரோடு மாவட்டத்தில், அந்தியூருக்கு மேலே பர்கூர் மலைச் சரிவுகளில், செந்நிறத்தில் வெண்திட்டுகள் படர்ந்த மலைமாடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருகிறவர்களுக்கு, இரவில் சிறுத்தையிடமிருந்து கன்றைக் காப்பதும், வயலுக்கு எருவைச் சேர்த்துத் தருவதும், வனத்தில் தமக்குள்ள பழைய பாத்தியதைக்குக் கண்கூடான சாட்சியாக நிற்பதும் பட்டிதான். ஆதலால் அதை எவ்விடத்தில், எவ்விதம், எந்த உரிமையின்பேரில் அமைப்பது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

சரிவின் அபாயமெல்லாம் கீழ்ப்புறத்தில் வந்து சேருகிறது. ஐப்பசி மழையில் மேலிருந்து வரும் நீர் சாணத்தை அடித்துக்கொண்டு அங்கே தேங்க, இருட்டில் வெருண்ட மாடுகளும் அத்திசைக்கே நெருக்கித் தள்ளப்பட, சேற்றிலேயே இரவெல்லாம் நின்ற பசுவின் குளம்பிடுக்கு ஊறி வெளுத்து, பிளந்து, துர்நாற்றம் வீச, சில நாட்களில் அது நொண்டத் தொடங்கும். ஆகவே, இறங்கும் நீரை இருபுறமும் பிரித்துவிடும் வாய்க்காலைப் பட்டியின் தலைமாட்டில் வெட்டிய பின்னரே கம்பம் நடத் தொடங்கலாம். மூலைகளின்றி வளைவாகக் கட்டினால், முட்டுப்பட்ட மாடு ஒதுங்கித் திரும்ப வழி கிடைக்கும். கம்பங்கள் நிலத்தின் சாய்வுக்கேற்பச் சாயாமல் தூக்குக்குண்டு தொங்கும் நேரில் நிற்கவும், இரண்டரை அடியாவது மண்ணில் இறங்கவும், கீழ்வரிசைக்கு வெளியிலிருந்து முட்டுக்கழி கொடுக்கப்படவும் வேண்டும். குறுக்குக்கழியை நேராகக் கட்டும்போது பள்ளத்தில் அதனடியில் சந்து விழுகிறது. கன்று வெளியே நழுவுவதும் சிறுத்தை உள்ளே நுழைவதும் அவ்வழியேதான் என்பதால், அன்று பொழுது சாய்வதற்குள் அதைக் கல்லடுக்கி அடைத்துவிடவேண்டும். பசுவொன்றுக்குக் கூரையின்கீழ் 3.5 சதுர மீட்டரும் திறந்தவெளியில் 7 சதுர மீட்டரும் தேவை. கூரையின்கீழுள்ள தரைக்கு 40 அடிக்கு ஓரடி வாட்டம் போதும்; அதற்குமேல் சரிந்தால் சினைமாடு சறுக்கும்.

மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்துப் பட்டியைச் சுற்றுவது ஜீவஹத்திக்கு ஒப்பான குற்றம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 2023 மார்ச்சில் 3 யானைகள் மடிந்தது இத்தகைய வேலியில்தான். அதில் மனிதர் சிக்கினாலும் கதி அதுவே. சிறுத்தை மாட்டைக் கொன்றுவிட்டால், சடலத்தை அப்புறப்படுத்துமுன் வனத்துறைக்கு அறிவித்து, கால்நடை மருத்துவரின் சான்றும் பெற்று நஷ்டஈடு கோருவதே முறை.

இனி உரிமையின் விஷயம். சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் வனமேய்ச்சலுக்கு விதித்த தடை, பின்னர் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றளவில் சுருக்கப்பட்டது; 2024இல் இம்மலைப் பகுதியில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது, மாடு வளர்ப்போரின் கவலை மீண்டும் மூண்டது. எனினும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையென ஏற்பதோடு, சரணாலயத்தையும் வனநிலம் என்னும் வரையறைக்குள் சேர்த்திருப்பதால், சரணாலயம் என்ற பெயரொன்றே கோரிக்கையைத் தள்ளிவிடப் போதாது. பழங்குடியல்லாதார் 2005 டிசம்பர் 13க்கு முன் 75 ஆண்டுகள் வனத்தைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டவேண்டியிருப்பதால், பெட்டியடியில் கிடக்கும் பழைய மேய்ச்சல் ரசீதுகளைச் செல்லுக்கு இரையாக விடாமல் எடுத்துவைத்து, முதியோரின் வாக்குமூலத்தையும், பட்டியும் மேய்ச்சல் தடமும் குறித்த வரைபடத்தையும் சேர்த்துக் கிராமசபையில் கொடுக்கவேண்டும். சபையின் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம். அதற்குமேல் மாவட்டக் குழு உண்டு. பரிசீலனை முடியும்வரை, தம் அனுபவத்திலுள்ள வனநிலத்திலிருந்து உரிமைதாரரை வெளியேற்றலாகாது என்கிறது 4ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. வனத்துக்கு வெளியே, புறம்போக்கில் நிற்கும் பட்டியாயினும் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து விளக்கம் கேட்ட பின்னரே அகற்றலாம். பட்டியைப் பிரிக்கும்படி வாய்மொழியாக உத்தரவு வந்தால், அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் குறைந்தோருக்கும் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு உடனே செல்லவேண்டும்.