இயன்மருத்துவத்தில் கழியொலி ஸ்கான்: படம் மட்டுமே நோய்நிர்ணயம் ஆகாது

கழியொலி ஸ்கான் என்றதும் கருவிலுள்ள சிசுவைக் காணும் பரிசோதனையே பலருக்கும் நினைவில் வருகின்றது. 1958ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே மகப்பேற்று மருத்துவத்தில் அதற்கு வழி திறந்தது. இன்று அதே தொழில்நுட்பம், தசைகளிலும் தசைநாண்களிலும் ஏற்படும் பாதிப்புகளை ஆராய்வதற்காக இயன்மருத்துவர்களின் கைக்கும் வந்துள்ளது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதற்கெனப் பயிற்சி பெற்ற இயன்மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்துதல் அவசியமாகும். வலியுள்ள இடத்தில் ஜெல் பூசி, மெதுவாகச் சுழற்றித் தேய்க்கப்படும் சிகிச்சைக் கருவியும் கழியொலியையே பயன்படுத்துகின்றது. ஆயினும் அது பொதுவாக 1 அல்லது 3 மெகா ஹேர்ட்ஸ் அலைகளை இழையங்களுக்குள் செலுத்துமேயன்றிப் படம் எதனையும் காட்டாது. நோய்நிர்ணயக் கருவியோ, இழையங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளைப் படமாக்குகின்றது. தோலுக்கு அண்மையிலுள்ள தசைநாண்களைத் தெளிவாகக் காண்பதற்கு 10 மெகா ஹேர்ட்ஸும் அதற்கு மேற்பட்டதுமான அலைகள் பயன்படுகின்றன.

எக்ஸ் கதிர்களைப் போலன்றி இதில் கதிர்வீச்சு இல்லை. நோயாளி கையை உயர்த்தும்போதே தோள்மூட்டின் தசைநாண் எவ்வாறு அசைகின்றது என்பதையும் நேரடியாகக் காணலாம். இதன் பயனுக்கு முதுகுவலி ஆய்வுகள் சிறந்த சான்றாகும். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி ஹைட்ஸும் சகாக்களும், முதன்முறையாக முதுகுவலிக்குள்ளானோரிடம் வலியுள்ள பக்கத்தில் முள்ளந்தண்டையொட்டிய ஆழ்தசை சிறுத்திருப்பதை 1994இல் கழியொலிப் படங்களின் மூலம் காட்டினர். வலி தணிந்த பின்னரும் அத்தசை தானாக மீள்வதில்லை என்பது 1996இல் வெளியான அவர்களது ஆய்வில் புலனானது. குறித்த பயிற்சிகளைச் செய்தோரில் 30 சதவீதத்தினருக்கும், செய்யாதோரில் 84 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் வலி மீண்டும் வந்ததாக 2001இல் அவர்கள் அறிவித்தனர்.

எனினும் இக்கருவிக்கு எல்லைகள் உண்டு. கழியொலி என்பினை ஊடுருவிச் செல்லாது. ஆகவே மூட்டின் உள்ளாழத்தில் உள்ளவற்றை இது முழுமையாகக் காட்டாது. கருவியின் சாய்வு சற்று மாறினாலும் ஆரோக்கியமான தசைநாண் கருமையாகத் தோன்றி, கிழிந்தது போன்ற மயக்கத்தை ஏற்படுத்தும். பயிற்சியற்ற கையில் இது தவறான தீர்ப்புக்கே வழிவகுக்கும்.

அதனிலும் முக்கியமானது, படத்தில் தெரியும் குறைபாடு யாவும் வலிக்குக் காரணமல்ல என்பதாகும். தோள்வலி எதுவுமற்ற, 40 முதல் 70 வயது வரையான 51 ஆண்களை ஸ்கான் செய்த ஆய்வொன்று 2011இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்களில் 96 சதவீதத்தினரின் தோளில் ஏதேனுமொரு மாற்றம் காணப்பட்டது. படத்தை மட்டும் நம்பியிருந்தால் அவர்களுள் எத்தனை பேர் வீணே நோயாளிகளாக்கப்பட்டிருப்பர்!

எனவே நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிந்து, மூட்டின் அசைவையும் வலிமையையும் கையால் சோதித்த பின்னர், எழும் ஐயத்தைத் தீர்ப்பதற்கே ஸ்கான் பயன்பட வேண்டும். அறிக்கையில் 'கிழிவு' என்ற சொல்லைக் கண்டதும் அஞ்சத் தேவையில்லை. அது தமது வலியோடு பொருந்துகின்றதா, சிகிச்சையை மாற்றுமா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமையாகும்.