கூனன் குரிசும் ஒரு கயிறும்



துன்பம் அயலாரிடமிருந்து வருமாயின் மனிதன் அதனை ஒருவாறு பொறுத்துக்கொள்கிறான். தன்னோடு ஒரே தெய்வத்தைத் தொழுவோரிடமிருந்தே வருமாயின் அவன் யாது செய்வான்? துன்புறுத்தியவரை வெறுப்பதோடு, அவர் தொழும் தெய்வத்தையும் துறந்துவிட எண்ணுவான். அத்தகைய இக்கட்டில் ஒரு கிறிஸ்தவ சமூகம் தன் விசுவாசத்தைக் காத்துக்கொண்டதற்குக் கொச்சி நகரத்து மட்டாஞ்சேரி சான்று பகர்கின்றது.

மட்டாஞ்சேரி என்றதும் மிளகு, இஞ்சிக் கிடங்குகளும், போர்த்துக்கீசியர் 1555-இல் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையும், 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும் நினைவுக்கு வரும். அங்கே கூனன் குரிசு என்னும் பெயர் தாங்கிய தேவாலயமும் உண்டு. குரிசு என்பது சிலுவை. குமரி மாவட்டத்துக் குருசடிகளைக் கண்டவர்க்கு இச்சொல் புதிதன்று. கூனன் குரிசாவது வளைந்த சிலுவை.

மலையாள நாட்டுக் கிறிஸ்தவர் தம் சமயத்தைத் தோமையார் கொணர்ந்தார் என்று நம்பி வருபவர். அவர்தம் வழிபாட்டு மொழி சிரியாக்கு. மேற்காசியாவிலிருந்து மேற்றிராணியார் வருவது வழக்கம். அர்க்கதியாக்கோன் என்னும் பட்டமுடைய உள்நாட்டுக் குரு சமூகத்தை நடத்துவார். போர்த்துக்கீசியர் வந்தபின் இவ்வழக்கம் தடைப்பட்டது. 1599-இல் கோவாப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் ஒரு மாமன்றம் கூட்டினார். பழைய சிரியாக்கு நூல்கள் பல திருத்தப்பட்டன, சில எரிக்கப்பட்டன. முன்னோர் சொல்லிய செபம் தம் காலத்திலேயே மாறக் கண்ட மக்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1652-இல் அகத்தல்லா என்னும் மேற்காசிய மேற்றிராணியார் நம் மயிலாப்பூரை அடைந்தார். அங்கே அவர் காவலில் வைக்கப்பட்டார். திருத்தல யாத்திரையாக வந்திருந்த மலையாளத்துத் தியாக்கோன்மார் அவரைக் கண்டு, அவர் தந்த மடலைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். பின்னர் அவரை ஏற்றிய கப்பல் கொச்சிக்கு வந்தபோது, அவரைக் காண வேண்டும் என்று மக்கள் மன்றாடினர். அவ்வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அவரைக் கடலில் எறிந்து கொன்றனர் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. உண்மையில் அவர் கோவாவிற்கும், அங்கிருந்து ஐரோப்பாவிற்கும் அனுப்பப்பட்டார் என்பர் வரலாற்றறிஞர். செய்தி பொய்யெனினும், அதனை நம்பச் செய்த மனப்புண் பொய்யன்று.

1653 சனவரி 3-ஆம் நாள் மக்கள் மட்டாஞ்சேரியில் திரண்டனர். கொடுங்கல்லூர்ப் பேராயர் கார்சியாவிற்கும் இயேசு சபைக் குருமாருக்கும் இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சிலுவையின்மேல் ஆணையிட்டனர். கூட்டம் பெரிது, சிலுவை ஒன்று. எல்லோராலும் தொட இயலாமையால் சிலுவையில் கயிறு கட்டி, அதனைப் பற்றியவாறு ஆணையிட்டனர் என்பது மரபு. பலர் பற்றி இழுத்தமையால் சிலுவை வளைந்தது என்றும் கூறுவர்.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. அவர்களைத் துன்புறுத்தியவரும் சிலுவையை வணங்கியவரே. ஆயினும், அம்மக்களின் சினம் சிலுவையின்மேல் செல்லவில்லை. அதனையே துணையாகப் பற்றினர். தவறு செய்த மனிதர் வேறு, தாம் நம்பிய பொருள் வேறு என்று பகுத்தறிந்தனர். துன்பத்திற்கு ஒரு நோக்கம் உண்டாயிற்று: தம் மரபைத் தாமே காக்கும் பொறுப்பு அது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் மறைத்தல் முறையன்று. அதே ஆண்டு மே 22-இல் ஆலங்காட்டில் பன்னிரு குருமார் கைவைத்து, அர்க்கதியாக்கோன் தோமாவை மேற்றிராணியாராக்கினர். மேற்றிராணியார் ஒருவரும் இன்றிச் செய்த அச்சடங்கு செல்லுமா என்ற ஐயம் எழுந்தது. சில ஆண்டுகளில் பெரும்பகுதியினர் மீண்டும் உரோமையோடு இணைந்தனர். பழையகூறு, புத்தன்கூறு என ஒரு சமூகம் இரண்டாயிற்று. உறுதிமொழி உரோமைக்கே எதிரானதா, சில அதிகாரிகளுக்கு மட்டும் எதிரானதா என்பதில் சபைகளிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1663-இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றவே, போர்த்துக்கீசியர் ஆதிக்கம் அங்கே முடிந்தது, பிளவோ முடியவில்லை. விசுவாசத்தைக் காப்பது ஒன்று, ஒற்றுமையைக் காப்பது மற்றொன்று. முன்னது கைகூடிய இடத்தில் பின்னது தவறிப்போதலும் உண்டு.

பிழைப்பிற்காகத் தமிழகம் விட்டுச் சென்ற நம்மவர் பலர், பிறமொழியில் செபம் நடக்கும் ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கின்றனர். நோய் வந்தபோது விசாரிப்பார் இல்லை. சில வேளை உடன் தொழுவோரே புறக்கணிப்பதும் உண்டு. அவ்வேளையில் மட்டாஞ்சேரியின் பெருங்கூட்டத்தை நினைவுகூர்தல் நலம். அன்று சிலுவையைத் தொட்டவர் சிலரே. தொட முடியாதவரும் வீடு திரும்பவில்லை. கைக்கு எட்டிய கயிற்றைப் பற்றினர். அவர்களுடைய ஆணையும் முன்வரிசையில் நின்றவரின் ஆணையோடு ஒப்பவே மதிக்கப்பட்டது.